மீன் பார்க்க ஆறு பேர்

முடிச்சூரில் பால் பூத்தை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்னறையிலேயே வேதா கடை வைத்திருந்தாள். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று போர்டில் எழுதியிருக்கும். அந்தத் தெருவில் யார் எங்கே ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். திருப்பதிக்கு எந்த வண்டி வசதி, ஷீரடியில் எந்த லாட்ஜில் வெந்நீர் ஒழுங்காக வரும், மே மாதம் ஊட்டிக்குப் போனால் என்ன பாடு படவேண்டியிருக்கும், துபாய்க்கு ஊறுகாய் பாட்டிலை எப்படிச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் நாற்பத்து நான்கு வயது வேதா இதில் ஓர் ஊரையும் பார்த்ததில்லை.

இரண்டு வயதில் வந்த போலியோ அவளுடைய கால்கள் இரண்டையும் சூம்ப வைத்துவிட்டது. கால்களில் இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள். வெளியே போவதற்கு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தாம்பரம் மார்க்கெட் நெரிசலில்கூட அவளைப் பிடிக்க முடியாது. கடைச் சாமான் வாங்க, பேங்குக்குப் போக, எல்லாம் அந்த ஸ்கூட்டர்தான். குடும்பத்தோடு வெளியூர், உல்லாசம் என்றால் மட்டும் அவள் திட்டம் போட்டுக் கொடுப்பாள், வழிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள், வாசலில் நின்று கையசைப்பாள். பன்னிரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று தமிழினி புத்தகப் பையை மூலையில் வீசிவிட்டு, "லீவுல எல்லாரும் அக்வேரியம் போறோம்" என்று அறிவித்தாள். தமிழினி வேதாவின் தம்பி வெற்றிவேலின் மகள், ஆறாம் வகுப்பு. ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் அந்த மீன் காட்சியகத்துக்கு அவள் வகுப்பில் பாதிப்பேர் போய்வந்துவிட்டார்களாம். கண்ணாடிக் குகைக்குள் நடந்தால் தலைக்கு மேலே சுறா போகுமாம்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா பொன்னுரங்கம் தினமும் சாயங்காலம் காபிக்கு இங்கே வந்துவிடுவார். ஒரு காலத்தில் முடிச்சூரில் நாலு ஏக்கர் நெல் போட்டவர். இப்போது அந்த நிலத்தில் மூன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

"மீன் பாக்கறதுக்கு எதுக்கும்மா அம்மாந்தூரம்? பீர்க்கன்கரணை ஏரியாண்ட போய் நின்னா ஜிலேபி மீனு துள்ளிகினு கீது. ஓசியில பாத்துட்டு வரலாம்" என்றார்.

"உன்னை யாரு கூப்டது? நீ ஏரியாண்டயே நில்லு" என்றாள் சித்தி அங்காளம்மாள்.

"நான் எங்க வரலன்னு சொன்னேன்?"

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. வெற்றிவேல், அவன் மனைவி எழில், தமிழினி, சித்தப்பா, சித்தி. ஐந்து பேர். காரும் ஐந்து பேர் போகிற கார்தான். வேதாவை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் ஒன்றிரண்டு வருஷம் கேட்டார்கள். "கடை இருக்குடா, நீங்க போங்க" என்று அவள் சொல்லிச் சொல்லியே அது பழகிப்போயிற்று.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் டிக்கெட் எடுக்கக் கணினி முன் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு இடம் இருந்தது. பெரியவர்கள் நான்கு, சிறியவர் ஒன்று என்று போட்டுவிட்டு, எதற்கும் ஒருமுறை படித்துவிடலாம் என்று கீழே இருந்த கேள்வி பதில்களைப் பார்த்தாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரலாமா? வரலாம். வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா? இல்லை. சக்கர நாற்காலி வசதி உண்டா? உண்டு, நுழைவாயிலில் கேட்டுப் பெறலாம்.

வேதா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். இந்த "உண்டு" அவளுக்குப் புதிதல்ல. சரிவுப் பாதை உண்டு என்று சொன்ன ஒரு பேங்கில், அந்தச் சரிவு ஏறி முடிந்த இடத்தில் ஒரு படி இருந்தது. லிஃப்ட் உண்டு என்ற ஓர் அலுவலகத்தில் அதன் சாவி வைத்திருந்தவர் லீவில் போயிருந்தார். அதனால் திரையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"எல்லா ஃபெசிலிட்டியும் இருக்கு மேம்" என்றது ஒரு பெண் குரல்.

"சரிவு எவ்ளோ செங்குத்தா இருக்கும்? நடுவுல படி எதாச்சும் வருதா? டாய்லெட் கதவு எவ்ளோ அகலம்?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "மேம், நீங்க ஒருவாட்டி நேர்ல வந்து பார்த்துடுங்களேன்."

வேதா போனை வைத்தாள். ஒருவர் வந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நான்கு காப்பி எடுத்துக்கொண்டு போனார். அவர் போனதும் பெரியவர்கள் நான்கு என்று இருந்ததை ஐந்தாக மாற்றி, யோசிக்க நேரம் கொடுக்காமல் பட்டனை அழுத்தினாள். பிறகு அரை மணி நேரம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. செய்யக்கூடாத எதையோ செய்துவிட்டவள் மாதிரி இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

புதன்கிழமை காலை, "தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று எழிலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மேம்பாலம் ஏறி, கிழக்குத் தாம்பரம், கேம்ப் ரோடு, மேடவாக்கம் என்று போனாள். மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தாள். சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை அடித்தது. இந்த வழியை எத்தனையோ பேருக்கு அவள் மேப்பில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். உப்பு வாசனை வரும் என்று மேப்பில் போட்டிருக்கவில்லை.

காட்சியகத்து வாசலில் லாசரஸ் என்ற செக்யூரிட்டி நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார்.

"டிக்கெட் கவுன்ட்டர் அந்தப் பக்கம்மா. கூட யாரும் வரலியா?"

"நான் உள்ள போக வரலண்ணா. ஞாயித்துக்கெழம குடும்பத்தோட வரேன். வழி எப்பிடின்னு பாக்க வந்தேன்."

"வழியா?"

"சரிவு எங்க இருக்கு, உங்க சக்கர நாற்காலி ஓடுதா, டாய்லெட்டுல அது நுழையுமா. அதெல்லாம் பாக்கணும்."

லாசரஸ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இருபது வருஷ வாட்ச்மேன் வேலையில் இப்படி ஓர் ஆளை அவர் கண்டதில்லை போலும். பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "வாங்கம்மா, ஒண்ணொண்ணா பாத்துரலாம்" என்று முன்னால் நடந்தார்.

சரிவுப் பாதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் மேல் வரிசையாக எட்டுப் பூந்தொட்டிகளை வைத்திருந்தார்கள். "யாரும் இதுல வரதில்லயேன்னு வெச்சிட்டாங்கம்மா" என்று லாசரஸ் தலையைச் சொறிந்தார். டாய்லெட் கதவு அகலமாக இருந்தது. வேதா கையோடு கொண்டுவந்த டேப்பை நீட்டி அளந்து பார்த்துத் திருப்திப்பட்டாள். சக்கர நாற்காலி ஸ்டோர் ரூமில், போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் தோரணங்களுக்கு அடியில் கிடந்தது. வெளியே எடுத்துத் தள்ளினால் வட்டம் போட்டது. முன்சக்கரம் ஒன்று திரும்பவே இல்லை.

"அடடா" என்றார் லாசரஸ், நாற்காலி தன்னுடையது என்பதுபோல.

"ஒரு ஸ்டூல் போடுங்கண்ணா. என் வண்டி டிக்கில டூல்ஸ் இருக்கு, எடுத்துனு வாங்க."

வேதா ஸ்டூலில் உட்கார்ந்து, சக்கரத்தை மடியில் சாய்த்து, அச்சில் சுற்றியிருந்த ஜிகினா நூலையும் தலைமுடியையும் குறட்டால் இழுத்து எடுத்தாள். உருண்டையாக எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. எண்ணெய் விட்டுச் சுழற்றினாள். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. இதற்குள் மேனேஜர் ரத்தினம் வந்து பின்னால் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"சாரி மேடம். தொட்டியெல்லாம் இன்னிக்கே எடுத்துடச் சொல்றேன்."

"ஞாயித்துக்கெழம பதினோரு மணி சார். ஆறு பேர். வேதான்னு பேரு."

"அதுக்கு என்னங்க, இவ்வளோ தூரம் வந்துட்டீங்க, இப்பவே ஒரு ரவுண்டு உள்ள பாத்துட்டுப் போங்க. டிக்கெட் எல்லாம் வேணாம்."

கதவு திறந்து மூடும்போது உள்ளேயிருந்து நீல வெளிச்சம் கொஞ்சம் வெளியே வந்தது. லீவுக்கு வந்த பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். எதைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேதாவுக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தும்விட்டாள்.

"வேணாம் சார். எங்க வீட்டாளுங்களோட சேந்தே பாக்கறேன்."

அன்று சாயங்காலம் வெற்றிவேல் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். செங்கல், மணல், ஜல்லி சப்ளை செய்கிறவன். அவனிடம் லாரி ஓட்டும் சிட்டிபாபு, ஈ.சி.ஆரில் அக்கரை சிக்னலில் வேதாவைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தான். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போதே வெற்றிவேல் பேச்சை எடுத்தான்.

"அக்கா, தாலுகா ஆபீஸ எப்ப ஈ.சி.ஆருக்கு மாத்துனாங்க?"

வேதாவின் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. சித்தப்பாவின் கண் பளிச்சிட்டது.

"இன்னாம்மா, யாருன்னா ஆள பாத்துகினு கீறியா? சொல்லு, நான் போய்ப் பேசறேன்."

"நீ வாய மூடு" என்ற சித்தி, வேதாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நல்ல பையனா?" என்றாள்.

வேதாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல சித்தி. அக்வேரியத்துல சக்கர நாற்காலி ஓடுதான்னு பாக்கப் போனேன். ஞாயித்துக்கெழம நானும் வரேன். எனக்கும் சேத்துதான் டிக்கெட் போட்டிருக்கேன்."

தமிழினி வாயைப் பிளந்துகொண்டு அத்தையைப் பார்த்தாள். வெற்றிவேலின் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா? முப்பது கிலோமீட்டர் தனியா போயிருக்கே. நான் இருக்கேன்ல? சொல்லியிருந்தா நானே தூக்கினு போயி எல்லாத்தையும் காமிச்சிருப்பேனே."

"அதுக்குத்தாண்டா சொல்லல."

வேதா டம்ளரைக் கீழே வைத்தாள். இதைச் சொல்லவேண்டி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் வாய் திறந்தபிறகு மூடவும் மனசில்லை.

"உனக்குக் கல்யாணம் ஆன புதுசுல திருநீர்மலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? மல மேல என்னைத் தூக்கினு ஏறினே. பாதியில மூச்சு வாங்குதுன்னு என்னைப் படியில உக்கார வெச்சிட்டு, தண்ணி குடிக்கப் போனே. அப்ப மேலருந்து எறங்கி வந்த ஒரு அம்மா, என் கையில அஞ்சு ரூபா வெச்சிட்டுப் போச்சு."

எழில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பட்டுப் பொடவ கட்டியிருந்தேன். தல நெறைய பூ. அப்பவும் வெச்சிச்சு. அந்த அம்மா மேல தப்பு இல்ல, படியில உக்காந்திருந்தா அப்பிடித்தான் தோணும். நீ திரும்பி வந்து சிரிச்சினே மறுபடியும் தூக்கினே. உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? உன் சட்டையெல்லாம் வேர்வ. அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே யாரும் என்னைத் தூக்கற எடத்துக்கு நான் வர மாட்டேன்னு."

வெற்றிவேல் அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயது ஆள், மீசை நரைக்கத் தொடங்கியவன், சின்னப் பையன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பன்னண்டு வருஷமாக்கா இத வெச்சினு இருந்தே?"

"வேலையில மறந்துடும். எப்பனாச்சும் ஞாபகம் வரும்."

"அண்ணி, நாங்களாச்சும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றாள் எழில். "கடை கடைன்னு நீங்க சொன்னத அப்படியே நம்பிட்டோம்."

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று திரும்பினார்கள்.

"அப்ப ஆறு பேர் ஆச்சே. கார்ல எப்பிடிம்மா பூந்துகினு போறது?"

"நான் ஸ்கூட்டர்ல வரேன் சித்தப்பா."

"நான் அத்தை பின்னாடி!" என்று தமிழினி துள்ளிக் குதித்தாள். "தாத்தா கார்ல தூங்கி என் மேலயே விழுவாரு. நான் அத்தை கூடத்தான் வருவேன்." அத்துடன் அந்த வீட்டில் சிரிப்பு திரும்பிவிட்டது. சித்தி எழுந்து போய், அழுதவர்களுக்கும் அழாதவர்களுக்கும் சேர்த்து இன்னொரு சுற்றுக் காபி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். வெற்றிவேல் காரை ஸ்கூட்டருக்குப் பின்னால், சிக்னல் விளக்கை மினுக்கிக்கொண்டே, ஊர்வலத்தில் வருகிறவன் மாதிரி ஓட்டி வந்தான். மேடவாக்கத்தில் போக்குவரத்து நெரிசல் இறுகியது. வேதா ஒரு பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் இடையில் புகுந்து முன்னால் போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தால் கார் தெரியவில்லை. "அப்பா மாட்டிக்கிட்டாரு!" என்று பின்னாலிருந்து தமிழினி கூவினாள். கார் வந்து சேர்வதற்கு இருபது நிமிஷம் முன்பே இருவரும் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, நிழலில் நிறுத்தி, ஆளுக்கொரு இளநீரும் குடித்து முடித்திருந்தார்கள்.

சரிவுப் பாதையில் ஒரு தொட்டிகூட இல்லை. கழுவிவிட்டிருந்தார்கள். லாசரஸ் சக்கர நாற்காலியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். வெற்றிவேல் காரிலிருந்து இறங்கியதும் பழைய நினைப்பில் அக்காவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். வேதா ஸ்கூட்டரிலிருந்து தானே நாற்காலிக்கு மாறினாள். கட்டைகளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் தள்ளினாள். சரிவில் பாதி ஏறியதும் தோள் வலித்து வேகம் குறைந்தது.

"அக்கா" என்றான் வெற்றிவேல் பின்னாலிருந்து. "தள்ளட்டா?"

அவன் அப்படிக் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. "ம், தள்ளு. மெதுவா."

உள்ளே குளுகுளுவென்றிருந்தது. சித்தப்பா ஒவ்வொரு தொட்டியின் முன்னும் நின்று, இது குழம்புக்கு ஆகும், இது வறுவலுக்குத்தான் லாயக்கு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். மஞ்சளும் நீலமுமாக ஒரு மீனைப் பார்த்து, "இத சாப்ட்டா நாக்கு சாயம் ஆயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் ஒன்று, என்ன சொல்கிறார் என்று புரியாமலே அவரோடு சேர்ந்து சிரித்தது.

பிறகு குகை வந்தது. பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் கண்ணாடி, அதற்கப்பால் தண்ணீர். எல்லோரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். வேதா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். பாய் அகலத்துக்கு ஒரு திருக்கை, சிறகு விரித்த மாதிரி, அவசரமே இல்லாமல் அவள் முகத்துக்கு மேலாக வந்தது. அதன் வெள்ளை வயிற்றில் வாயும் இரண்டு துளைகளும் சேர்ந்து, யாரோ சிரிக்கிற முகம் போல இருந்தது. அதற்குக் கால் இல்லை, நடையும் இல்லை. ஓரத்தை மட்டும் மெல்ல அசைத்தே அவ்வளவு பெரிய உடம்பு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் தன்னை அறியாமல் "ஓ" என்றாள், புதன்கிழமை அந்தப் பிள்ளைகள் கத்திய மாதிரியே.

"அத்தை, உனக்கு மட்டும் நல்லாத் தெரியுது. எனக்குக் கழுத்து வலிக்குது" என்று தமிழினி அவள் காலடியில் தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள். எழில் எழுப்பப் பார்த்து முடியாமல், கடைசியில் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குகையைத் தாண்டியதும் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி எடுத்துவிட்டது. "எனக்கும் இந்த மாதிரி ஒரு வண்டி கேட்டு வாங்கும்மா" என்றார். இருந்தது அந்த ஒன்றுதான். பெரிய தொட்டியின் எதிரே நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். வேதா பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து, "மிச்சத்த பாத்துட்டு வந்து எங்கிட்ட குடுங்க, நான் இங்கயே கொஞ்ச நேரம் இருக்கேன்" என்று நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். சித்தி அங்காளம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரைத் தள்ளினாள். "நாப்பத்தெட்டு வருஷமா உன்ன இப்பிடித்தான் தள்ளிகினு இருக்கேன்" என்று அவள் சொல்வது திருப்பத்துக்கு அப்பால் போகும்வரை கேட்டது.

வெற்றிவேல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுறா வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே சின்ன மீன்கள் கூட்டமாகப் போய்வந்தன. வேதா அதையே பார்த்திருந்தாள். சித்தப்பா நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அப்போதும் இன்னொரு ரவுண்டு போய்வரலாம் என்றுதான் சொன்னார்.

திரும்பும்போது சோழிங்கநல்லூர் சிக்னலில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தூறல், பிறகு வாளியில் ஊற்றுகிற மாதிரி. தமிழினி அத்தையின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுறாவின் பல்லைப் பற்றிக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தாள். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கார் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி இறங்கியது.

"அக்கா, எங்கனா ஓரமா நில்லு! நனையாதே!" என்றான் வெற்றிவேல்.

வேதாவின் முடி முகத்தில் ஒட்டியிருந்தது. கண் இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏற்கெனவே நனைஞ்சாச்சுடா. நீ முன்னாடி போயி வெந்நி போட்டு வைய்யி" என்றாள்.

சிக்னல் பச்சைக்கு மாறியது. "அத்தை, போ போ, அப்பா முந்திடப் போறாரு!" என்று தமிழினி அவள் முதுகில் தட்டினாள். வேதா ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.